நனைந்த செல்பேசியைக் கெடுப்பது எது?

மழையில் நனைந்த செல்பேசியைத் துடைத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்கிறோம். மாணவர்களே, அதன் சுற்றுப்பலகைக்குப் பெருங்கேடு விளைவது பெரும்பாலும் அப்பொழுதுதான்! ஏன் என்று காண்போம்.

துளிக்குள் ஒரு மின்பகுப்பு

தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆனால் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர், தூய நீரைவிட ஏறத்தாழ 10 இலட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும்.

நீரைப் பகுக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். செல்பேசியின் லித்தியம் அயனி மின்கலமோ ஏறத்தாழ 3.7 வோல்ட் தருகிறது! இரு செம்புத் தடங்களுக்கிடையே ஒரு துளி உப்புநீர் தங்கினால் போதும். நேர்மின்வாயான தடத்திலிருந்து செம்பு அயனிகளாகக் கரையும். எதிர்மின்வாய்ப் பக்கம் சென்று படியும். ஒரு தடம் அரிக்கப்பட்டு அறுகிறது. மற்றொன்றில் செம்பிழைகள் வளர்ந்து பாலமிடுகின்றன. பலகையில் காணும் பச்சைப் படிவு செம்பின் உப்புகளே.

அரிசிக்குள் புதைத்து வைத்தால்? நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகுமா? அது பலகையிலேயே தங்கிவிடும்.

பழுதைக் கண்டுபிடித்தல்

பழுதுபார்ப்பவர் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவார். காய்ச்சி வடித்த நீரால் உப்பைக் கரைத்து நீக்குவார். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, மென்தூரிகையால் தேய்ப்பார். இதன் பரப்பு இழுவிசை நீரினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே சில்லுகளின் அடியிலும் நுழைந்து, எஞ்சிய நீரை வெளியேற்றி, விரைவில் உலரும்.

அடுத்து, மின்சாரம் வழங்கும் தடத்துக்கும் 'கிரவுண்டு' எனப்படும் பொதுத்தடத்துக்கும் இடையே மின்தடையை மல்டிமீட்டரால் அளப்பார். அது ஏறத்தாழச் சுழியானால் 'ஷார்ட் சர்க்யூட்' என்று பொருள். ஆனால் எந்த உறுப்பில்? அத்தடத்தில் பல மின்தேக்கிகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒன்று பழுதானாலும் எல்லாவற்றிலும் மீட்டர் அதே அளவைக் காட்டும்!

இங்கு ஜூல் 1841-இல் வெளியிட்ட வெப்ப விதி உதவுகிறது. வெளியிலிருந்து 1 வோல்ட் மட்டும் கொடுப்போம். 2 ஆம்பியர் பாய்ந்தால் திறன் 1 × 2 = 2 வாட். அரிசிமணியினும் சிறிய பழுதான மின்தேக்கியிலேயே இதில் பெரும்பங்கு வெப்பமாகும். பலகையில் ஆல்கஹால் தடவினால் அவ்விடம் முதலில் உலரும். குற்றவாளி அகப்பட்டான்! அதை நீக்கி, அதே அளவுள்ள மின்தேக்கியைப் பற்றவைக்கலாம்.

நினைவகச் சில்லிலுள்ள படங்கள் நீர் பட்டதால் மட்டும் அழிவதில்லை. பலகை மீண்டும் இயங்கினால் அவையும் கிடைக்கும். எனவே செல்பேசி நனைந்தால் உடனே அணையுங்கள், மின்னூட்டம் செய்யாதீர்கள். மின்கலத்தைத் துளைக்கவோ சூடாக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பலகையைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் செல்களைத் தொடராக இணைத்து, இரு செம்புக் கம்பிகளை உப்புநீரில் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஒரு கம்பியில் குமிழிகள் தோன்றும். மற்றது அரிக்கப்பட்டு நிறம் மாறும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் இதையே செய்தால் என்ன நிகழ்கிறது? செல்களைத் திருப்பி இணைத்தால் எந்தக் கம்பி அரிக்கப்படும்? காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.