நான் ஒருவன்தான் என்னும் எண்ணம்



பள்ளியில் முதலாவதாகத் தேறிய பிள்ளை, வெளியூர்க் கலாசாலைக்குப் போன நாலாம் மாதத்தில் முகம் வாடி வீடு திரும்புகிறது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, புத்தகத்தைத் தொட மனமில்லை. தாய் கண்ணேறு என்கிறாள். தகப்பனார் சோம்பல் என்கிறார். ஜெபம் குறைந்துபோயிற்று என்கிறாள் பாட்டி. பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் முயற்சியில் 8 நாடுகளிலுள்ள 19 கலாசாலைகளில் முதலாண்டு மாணவர் ஏறக்குறைய 14,000 பேரை விசாரித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மனநோய்க்குரிய ஏதோவொரு நிலையை வாழ்நாளில் அனுபவித்தவர்களாகக் காணப்பட்டார்கள்.

இத்துன்பத்தின் ஒரு வேரை ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவப் பேராசிரியர்கள் கிரகரி வால்டன், ஜெப்ரி கோஹன் என்பவர்கள். புதிய இடத்தில் எந்த மாணவனும் சில நாள் தனித்துப்போவான். ஆனால் கறுப்பின மாணவனுக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது: 'என்னைப் போன்றவர்களுக்கு இங்கே இடமில்லையோ?' நண்பன் பாராமல் போனாலும், ஆசிரியர் கடிந்துகொண்டாலும், அக்கேள்விக்கு அது சாட்சியாகிவிடுகிறது.

கறுப்பினத்தாரும் வெள்ளையருமாக 92 முதலாண்டு மாணவரை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பகுதியாருக்கு, மேல்வகுப்பு மாணவர் சொன்னவற்றை வாசிக்கக் கொடுத்தார்கள். 'ஆரம்பத்தில் எங்களையும் யாரும் ஏற்கவில்லை என்றே நினைத்தோம். நாளடைவில் அது மாறிற்று' என்பதே அவற்றின் சாரம். பிறகு அம்மாணவர்கள் தங்கள் அனுபவத்தையும் அவ்வாறே எழுதி, காமெராவின் முன் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு வரும் புதியவர்களுக்கு அது உதவும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. எல்லாம் ஒரு மணி நேர வேலை. மற்றப் பகுதியாருக்கு வேறு விஷயம் கொடுக்கப்பட்டது.

2011-ல் வெளியான முடிவு இது: அடுத்த மூன்றாண்டுகளில், அந்தப் பாடத்தைப் பெற்ற கறுப்பின மாணவரின் மதிப்பெண்கள் உயர்ந்து, வெள்ளை மாணவருக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. உடல்நலமும் மேலாக இருந்ததென்றும், வைத்தியரிடம் போவது குறைந்ததென்றும் அவர்களே தெரிவித்தார்கள். வெள்ளை மாணவரிடம் பெரிய மாறுதல் இல்லை. கஷ்டங்கள் நீங்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்ட நாள் வந்தால் அது கெட்ட நாளாகவே நின்றதேயன்றி, 'எனக்கு இங்கே இடமில்லை' என்ற தீர்ப்பாக மாறவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. அம்மாணவரை யாரும் நோயாளிகளாக அழைக்கவில்லை. பின்வருவோருக்கு உதவி செய்யவே அழைத்தார்கள். பிறருக்குக் கைகொடுக்கப் போனவன் தானே எழுந்து நின்றான்.

பழைய ஏற்பாட்டில் எலியாஸ் தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டு மன்றாடினார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொண்டாரா? முதலில் சம்மனசு அப்பமும் தண்ணீரும் கொடுத்து, அவரைத் தூங்கவிட்டது, பிரசங்கம் செய்யவில்லை! பின்பு, தான் ஒருவனே மிஞ்சியதாக அவர் முறையிட்டபோது, பாகாலுக்கு முழங்காலிடாத 7000 பேர் இன்னும் இருப்பதாக ஆண்டவர் அறிவித்தார்.

ஆயினும் ஒரு மணி நேரப் பேச்சு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எண்ணவேண்டாம். 2023-ல் வால்டனும் மற்றும் பலரும் 22 கலாசாலைகளில் 26,911 மாணவரிடம் இதைப் பெரிய அளவில் சோதித்து, முடிவை வெளியிட்டார்கள். முதலாண்டை முழுமையாக முடித்தவர்களின் தொகை கூடியது உண்மையே. ஆனால் தங்களைப் போன்றவர்களுக்கு மெய்யாகவே இடங்கொடுத்த கலாசாலைகளில்தான் அப்பலன் கிடைத்தது. இடமே கொடாத இடத்தில், 'உனக்கு இடமுண்டு' என்ற சொல் ஏட்டுச் சுரைக்காய்தான். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலும், பிள்ளை சாவைப்பற்றிப் பேசினாலும், தாமதியாமல் மனநல வைத்தியரிடம் அழைத்துப்போங்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே ஜெபமாலை சொல்லுகிறோம் அல்லவா? இதற்கும் அப்படியே. வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றப் பிள்ளைகளிடம் டெலிபோனில் பேசும்போது, மார்க்கு எவ்வளவு என்று தொடங்காமல், "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வாண்டு கலாசாலைக்குப் புறப்படும் நம் பங்குப் பிள்ளைகள், வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஞானோபதேச அறைக்கு வரட்டும். முதலாண்டை முடித்துவிட்ட அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் ஆரம்ப மாதங்களைப்பற்றி அவர்களோடு பேசுவார்கள். பெற்றோர் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கலாம், காப்பி உண்டு. நானும் உங்களோடு வெளியில்தான் இருப்பேன்.