குட்டி வாங்கப் போகும் கண்ணுக்கு

கண்ணு, சிப்காட்டில் வேலை கிடைத்து, மூக்கண்டப்பள்ளியில் வீடும் பார்த்துவிட்டாய். அடுத்து நாய்க்குட்டி ஒன்று வளர்க்கப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம். ஓசூரிலேயே வயதாகிப்போனவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. குட்டியைத் தூக்குமுன் காலத்தைக் கணக்குப் போடு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். உன் ஒப்பந்த வேலையோ வருஷத்துக்கு வருஷம் புதுப்பிப்பது. நாளைக்கு ஸ்ரீபெரும்புதூருக்கோ புனேவுக்கோ போகச் சொன்னால் அதுவும் உன்னோடு வர வேண்டும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடு. ஒளித்து வளர்த்த குட்டிகள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. தாயிடமிருந்து அவசரப்பட்டுப் பிரிக்காதே. எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அந்த விளையாட்டில்தான். சாதி நாய்தான் வேண்டும் என்று பணத்தைக் கொட்டாதே. நம் தெருவில் பிறக்கும் நாட்டு நாய்க்கு இந்த ஊர் வெயிலும் மார்கழிக் குளிரும் பழக்கம்.

3. உன் ஷிப்ட் மாறும்; அதன் வயிறு மாறாது. சோற்றுக்கும் நடைக்கும் ஒரு நேரம் வை. நீ இல்லாத நேரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பழக்கிவிடு. எங்கள் லைன் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. தெருமுனையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று போகும். மற்ற பஸ்களுக்குக் காதைக்கூட அசைக்காது. அதன் ஆள் வரும் பஸ் திரும்பும்போதே எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விடும். நைட் ஷிப்ட் முடிந்து கண் செருகி வந்தாலும் அந்த மனுஷன் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்த பிறகுதான் படுப்பார். அன்புக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும். அது தினமும் வேண்டும்.

4. ஊசி விஷயத்தில் சோம்பல் கூடாது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடு. மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். உன் நாயோ தெரு நாயோ, பல் பட்டாலும் நகம் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போ. அந்த நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது. திட்டுக்குப் பயந்து குழந்தைகள் கீறலை மறைப்பார்கள், அவர்களைத் திட்டாதே.

5. வேலையிடத்துக் கோபத்தை வாசலிலேயே விட்டுவிடு. சூப்பர்வைசரிடம் வாங்கிய வசவை நாய்மேல் இறக்குகிறவன், நாளைக்குப் பெண்டாட்டி பிள்ளைமேலும் இறக்குவான். அடி வாங்கிய நாய் அடங்குவதில்லை, ஒளிந்துகொள்கிறது. நாள் முழுக்கக் கட்டிப் போடுவதும் அடிதான்.

6. தெருவையும் மதி. நம் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும்; நாய்க்குப் பயப்படுகிறவர்கள் மூன்றிலும் உண்டு. வெளியே போகும்போது கயிறு உன் கையில் இருக்கட்டும். அது அசுத்தம் செய்த இடத்தை நீயே சுத்தம் செய். ஒருவர் முகம் சுளித்தால் வாதாடாதே. உன் பொறுப்பைப் பார்த்துத்தான் உன் நாயை ஏற்பார்கள்.

7. நன்றி நாய்க்கு மட்டும் உரியதென்று நினைக்காதே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மாடு கவரும் பூசலில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைப் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் மண்டியா மாவட்டத்து ஆதகூரிலும் அப்படி ஒரு கல். தக்கோலப் போரில் சாதித்த மணலேரன் என்ற வீரனிடம் என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, அவன் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை. பன்றியோடு மோதி அது செத்தபோது கல் எடுத்தார்கள். கி.பி. 949-50-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாய் செய்ததை மனிதர்கள் மறக்கவில்லை என்பதற்குத் தமிழ், கன்னடம் இரண்டு மொழியிலும் சாட்சி இருக்கிறது.

8. கிழடானதும் கைவிடாதே. கண்ணில் பால் படரும், படி ஏறக் கால் வராது, இருந்த இடத்திலேயே நனைத்துவிடும். சாக்கை மாற்றிப் போடு, சோற்றைக் குழைத்துக் கொடு. வேலை முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் சிலர் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நாயை இறக்கிவிட்டுப் போகிறார்கள். அதைவிடப் பெரிய துரோகத்தை நான் பார்த்ததில்லை. கொண்டுபோக முடியாதபடி ஆனால், வளர்ப்பவர் ஒருவரைத் தேடிக் கையில் ஒப்படைத்துவிட்டுப் போ.

9. அது போகும் நாளில் அழு. நாய்க்காகவா அழுகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டி அடக்கம் செய். துக்கம் ஆறுமுன் அவசரமாக இன்னொரு குட்டியைத் தேடாதே.

இத்தனைக்கும் மனம் ஒப்பினால் நாளைக்கே போய்க் குட்டியைத் தூக்கி வா. ஒப்பவில்லையென்றால் வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வை. தெருவில் திரியும் வாயில்லா ஜீவனுக்கு அது உதவும். ஆனால் கண்ணு, ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், கடைசிவரை அதற்கு நீதான் பொறுப்பு.