இருபத்தொரு தையலில் எதிலிருந்து தொடங்குவது?

புது மெஷினில் 21 வகைத் தையல்கள் இருக்கின்றன. நேர்த்தையலைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஆசையாகப் பூத்தையல் போட்டால் துணி சுருங்குகிறது. மெஷின் கோளாறா?
- ஒரு வாசகி, தென்காசி

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது; துணிக்குத்தான் தாங்கல் வேண்டும். அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தையுங்கள், முடிந்ததும் கிழித்துவிடலாம். மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள். சாட்டின் ஃபுட்டை மாட்டுங்கள். அதன் அடியில் உள்ள பள்ளம் அடர்ந்த தையலுக்கு வழிவிடும். சாதா ஃபுட் அதை அழுத்தி, துணியை நகரவிடாது.

அடுத்து ஜிக்ஜாக். 1873-இல் அமெரிக்காவின் ஹெலன் பிளான்சார்ட் காப்புரிமை பெற்ற இந்தத் தையல்தான் வீட்டில் அதிகம் உழைக்கும். சுடிதாரின் உள்ளோரம் பிசிறாமலிருக்க, ஊசி ஒரு குத்து துணியிலும் மறு குத்து விளிம்பையொட்டி வெளியிலும் இறங்கட்டும். ஓவர்லாக் கடைக்கு அலைவது மிச்சம்! டி-ஷர்ட் துணியில் நேர்த்தையல் இழுத்ததும் அறுந்துவிடும். குறுகலான ஜிக்ஜாக் துணியோடு சேர்ந்து நீளும். பால் பாயிண்ட் ஊசி மாட்டினால் தையல் விட்டுப்போகாது.

இலாஸ்டிக் பட்டைக்கு, ஒவ்வொரு சாய்விலும் மூன்று சிறு குத்துகள் விழும் ஜிக்ஜாக்கே சிறந்தது.

ஒற்றைத் துளையுள்ள ஃபுட்டுடன் மட்டும் இவற்றைத் தொடாதீர்கள். ஊசி இரும்பில் மோதி முறியும். தையலை மாற்றும்போதெல்லாம் சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்றி, ஊசி எங்கும் இடிக்காததை உறுதி செய்துகொண்டு மிதியுங்கள். முதல் பூத்தையலை அதே துணியின் வெட்டுத்துண்டில் போட்டுப் பாருங்கள்.