குருவானவருக்கு முன்னே ஒரு நண்பர்



வேதத்தை அறிவிப்பது சுவாமிமாருக்கும் உபதேசியாருக்கும் மட்டுமே உரிய வேலையென்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அர்ச். தேவசகாயம் பிள்ளையின் சரித்திரமோ வேறுவிதமாய்ப் போதிக்கிறது.

நீலகண்டப் பிள்ளை திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தர். கால்நடையும் பயிரும் நஷ்டமாகி மனமொடிந்திருந்தார். அவர் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தவர் குருவானவர் அல்லர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த கத்தோலிக்கர் டிலனாய். அவர் தர்க்கம் செய்யவில்லை. சகலத்தையும் இழந்தும் சர்வேசுரனை விட்டுவிடாத யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். அந்த வார்த்தை வேரூன்றியது. நீலகண்டர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்; 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாய் மரித்தார். 2022-ல் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். அவரும் குருவல்லர், நம்மைப் போன்ற இல்லறத்தாரே.

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலும், நூல் ஆலையிலும், சந்தைக் கடையிலும் உங்கள் பக்கத்தில் மனமொடிந்தவர் ஒருவருமில்லையா? கோவிலுக்கு வராத அவரிடம் நான் எப்படிச் சேருவேன்? நீங்களோ தினமும் அவரோடு இருக்கிறீர்கள். முதலில் அவர் துயரத்தைக் கேளுங்கள். அவர் விரும்பினால் உங்கள் நம்பிக்கையைச் சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம், மனதைத் தொடுவது சர்வேசுரனுடைய அலுவல். விசாரிப்பது நம்முடைய கடமை.

இவ்வார முயற்சி: அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிச் சென்று, அவருக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.