எழுத்து எத்தனை நாள் வாழ வேண்டும்?



எங்கப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். போன வருடம் மிக்ஸி ரிப்பேர். வாரண்டி இருக்கிறதே என்று பில்லைத் தேடி எடுத்தால் வெறும் வெள்ளைத்தாள்! கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "படிக்கிறவன் நீ சொல்லு கண்ணு, எழுத்தெல்லாம் எங்க போச்சு?" என்றார் அப்பா.

அந்த பில் நேரடி வெப்ப அச்சு. தாளிலேயே ரசாயனப் பூச்சு இருக்கும். சூடு பட்ட இடம் கறுக்கும். வெயிலோ எண்ணெயோ பட்டால் நாளடைவில் மங்கிவிடும்.

தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் வேறு வகை. அதன் ஹெட்டில் நுண்ணிய சூடேறும் புள்ளிகள் வரிசையாக உள்ளன. ஹெட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே மை பூசிய ரிப்பன் ஓடும். சூடேறிய புள்ளிக்கு நேராக மை உருகி லேபிளில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சீக்கிரம் மங்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ரிப்பன்: சாதாரண காகித லேபிளுக்கு வாக்ஸ் போதும். வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறும் நம்ம ஊர் முட்டைப் பெட்டி மாதிரி ஈரமும் உரசலும் உள்ள இடத்துக்கு வாக்ஸ்-ரெசின். பாலியெஸ்டர் லேபிள், கெமிக்கல், கடும் சூடு என்றால் ரெசின்.

2. நுணுக்கம்: 203 டி.பி.ஐ. என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். பெட்டி லேபிளுக்கு இது போதும். பொடி எழுத்துக்கும் சிறிய பார்கோடுக்கும் 300 நல்லது.

3. அகலம்: ரிப்பன் லேபிளைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் லேபிள் ஓரம் உரசி ஹெட் தேயும்.

4. செலவு: மெஷின் விலையோடு ரிப்பன் விலை, ஹெட் விலை, சேலத்தில் சர்வீஸ் உண்டா என்பதையும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எழுத்து எத்தனை நாள் வாழ வேண்டும் என்று கேளுங்கள். பஸ் டிக்கெட்டுக்கு ஒரு நாள் போதும், வாரண்டிக்குப் போதாது.

அப்பாவுக்கு பதில் சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் பில் வந்த அன்றைக்கே ஜெராக்ஸ்!