கேப் ஒட்டும் சிமெண்ட்: கலக்கும் கைகளுக்கு ஒரு பாடம்



நம் மஹல்லாவில் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் சிலர் பல் மருத்துவமனைகளில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார்கள். பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை ஈ.சி.ஆர். ஓரமாக அப்படிப்பட்ட இடங்கள் பெருகிவிட்டன. பக்கத்திலேயே வேலை என்பதால் பெற்றோரும் சம்மதிக்கிறார்கள்.

அப்படிச் சேர்ந்த ஒரு பிள்ளை சென்ற கோடையில் தாயாருடன் அழுதுகொண்டே நம் அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு பெரியவருக்கு ஒட்டிய கேப் மூன்றாம் நாளே கழன்றுவிட்டது. அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதேபோல். சிமெண்டைச் சரியாகக் கலக்கவில்லை என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யாராவது உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்களா என்று கேட்டோம். இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டதுதான் என்றாள். நம் இலவச முகாமுக்கு வரும் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு மாலை முழுவதும் நம் கூடத்தில் அமர்ந்து செய்துகாட்டினார். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இன்று கேப் ஒட்டவும் பல் அடைக்கவும் பரவலாகப் பயன்படுவது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்சன், கெண்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1972-ல் வெளியிட்டது. ஒரு புட்டியில் கண்ணாடித் தூள், இன்னொன்றில் பாலிஅக்ரிலிக் அமிலம் கலந்த திரவம். இரண்டும் சேர்ந்தால் இறுகும். பல்லோடும் தானே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடும் விடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

தூள் புட்டியை முதலில் மெல்லக் குலுக்க வேண்டும். அதோடு வந்த கரண்டியாலேயே அள்ளி, தலை தட்டி எடுக்க வேண்டும். வேறு கம்பெனிக் கரண்டி ஆகாது. திரவப் புட்டியை நேராகத் தலைகீழாகப் பிடித்தால்தான் குமிழி இல்லாத முழுச் சொட்டு விழும். எத்தனை கரண்டிக்கு எத்தனை சொட்டு என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். கண்ணளவு வேண்டாம். திரவத்தைக் கடைசியாக, கலக்கப்போகும் நேரத்தில்தான் விட வேண்டும். முன்பே விட்டுவைத்தால் அதன் நீர்ச்சத்து மாறிவிடும். இரண்டு மூடியையும் உடனே மூடிவிட வேண்டும்.

தூளை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியைத் திரவத்தில் சேர்த்து மடித்து மடித்துக் கலக்க வேண்டும். பிறகு மறுபாதி. எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பிளாஸ்டிக் கரண்டியே நல்லது. எஃகுக் கரண்டியைக் கண்ணாடித் தூள் தேய்த்து சிமெண்டைக் கருக்கச் செய்யும். பலகை முழுக்கப் பரப்பி, தூளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்றரை நிமிடம் கலக்குவது பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டின் முறை. அதில் சூடு கிளம்பும் என்பதால் அப்படிச் செய்தார்கள். அந்தப் பழக்கத்தை இதில் காட்டினால் கேப் வாய்க்குப் போவதற்குள்ளேயே சிமெண்ட் இறுகத் தொடங்கிவிடும்.

கேப் ஒட்டும் கலவை, கரண்டியைத் தூக்கினால் ஒரு அங்குலம் நூலாக வரவேண்டும். அடைப்புக்கு அதைவிடக் கெட்டியாக வேண்டும். இரண்டிலும் பார்க்கவேண்டியது மினுமினுப்பு. பளபளப்பு இருக்கும்வரை பல்லைப் பிடிக்கும் அமிலம் மீதமிருக்கிறது. மங்கிவிட்டால் அதைத் தூக்கி எறிந்து புதிதாகக் கலக்க வேண்டும். டாக்டர் முகம் சுளித்தாலும் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் பல் நம் கையில் அமானிதம்.

சரி, அந்தப் பிள்ளை செய்த தவறு என்ன? வெயிலில் சிமெண்ட் சீக்கிரம் இறுகுகிறது என்று, மூத்த உதவியாளர் ஒருவர் சொன்னபடி, கண்ணாடிப் பலகையை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்திருக்கிறாள். குளிர்ந்த பலகை நல்லதுதான். ஆனால் நம் கடற்கரைக் காற்றில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பலகை அரை நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த ஈரம் கலவையில் சேர்ந்தால் சிமெண்ட் பலமிழக்கும். பலகையில் பனித்துளி படியும் அளவுக்குக் குளிர் கூடாது. துடைத்து, காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகே தூளை வைக்க வேண்டும். டாக்டரம்மா இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை நாங்கள் பார்த்தோம். தவறு கையில் இல்லை என்று தெரிந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

கேப் போட்டுக்கொள்பவர்களுக்கும் வேலை உண்டு. ஒட்டும்போது பேசக்கூடாது, எச்சில் படக்கூடாது. பஞ்சைக் கடித்தபடி இருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் எலும்பு கடிப்பதையும் தம்ரூட், மிட்டாய் போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். கழன்ற கேப்பை ஃபெவிக்விக்கால் ஒட்டிக்கொண்டு வந்த ஒருவரை முகாமில் பார்த்தோம். பல்லும் ஈறும் வெந்து போயிருந்தன. கழன்றால் சிறு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தளர்ந்த கேப்போடு தூங்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வேர் சிகிச்சை செய்த பல் வலிக்காது என்பதால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அதற்குள் அது சொத்தையாகிவிடும்.

நிரந்தரமாக ஒட்டிய கேப் கடமையான குளிப்புக்குத் தடையாகுமா என்று கேட்கிறார்கள். அதைக் கழற்றத் தேவையில்லை, மேல்பகுதியில் நீர் பட்டால் போதும் என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. கழற்றி மாட்டும் பல் செட்டைப் பற்றி நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு தாங்காதவர்கள் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

உதவியாளராக இருக்கும் அல்லது சேரவிருக்கும் பிள்ளைகள் பெயரை அலுவலகத்தில் கொடுத்துவைக்கவும். டாக்டரம்மா மறுபடி வரச் சம்மதித்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், இம்முறை தேதி கடந்த தூளும் திரவமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கலக்கச் சொல்லப்போகிறார். வேலை இழந்த அந்தப் பிள்ளை இப்போது வேறிடத்தில் சேர்ந்துவிட்டாள். அவளும் கூடநின்று காட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.