கையும் கல்வியும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மரச்சிற்பத் தொழில் வழிவழியாக நடைபெற்று வருகிறது. வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் பட்டறைகள் அங்கே உள்ளன. 2021 ஆம் ஆண்டில் இச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றன. சிற்பி உளியை எடுப்பதற்கு முன் உருவத்தை வரைகின்றார், அளவு பிரிக்கின்றார், மரத்தின்மேல் கோடிடுகின்றார். வேண்டாத பகுதியைப் பெரிய உளியால் களைந்தபின் நுண்ணிய வேலையைச் சிற்றுளிக்கு விடுகின்றார். மர இழை ஓடும் திசையை அறியாது உளியைச் செலுத்தினால் மரம் பிளந்துவிடும். இதனை வேலை என்பதா, கல்வி என்பதா?

இரண்டும் ஒன்றே என்று கருதியவர் காந்தியடிகள். 1937 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தா நகரில் அவர் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. அதன் பயனாக ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அதில் உறுப்பினர். ஏழு முதல் பதினான்கு வயது வரை தாய்மொழி வழியே, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்பதே அக்குழுவின் கருத்து. இதுவே ஆதாரக் கல்வி. இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயசு என்பார் 1866 ஆம் ஆண்டிலேயே நாட்டுப்புறப் பள்ளிகளில் கைவினையைப் பாடமாக்கச் செய்திருந்தார்.

தக்ளியில் நூல் நூற்கும் சிறுவனைப் பாருங்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். பத்துச் சிட்டங்கள் அடங்கினால் பத்தாம் நம்பர். இருபது அடங்கினால் இருபதாம் நம்பர், அதாவது மெல்லிய நூல். தான் நூற்ற நூலின் நம்பரைக் கண்டறிய அவன் அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும், வகுக்க வேண்டும். கரும்பலகையில் அச்சுறுத்திய வகுத்தற் கணக்கு இங்கே அவனுக்குத் தேவையாகி விடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1953 ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிகுந்த பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றொரு திட்டம் வந்தது. அது பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிவைக்கும் எனப் பலர் கடுமையாக எதிர்த்தனர். 1954 இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. எதிர்த்தோர் அஞ்சியதில் நியாயம் உண்டு. தச்சர் மகன் மட்டும் உளி பிடித்தால் அது குலத்தொழில். தச்சர் மகனும் வணிகர் மகளும் ஒரே பலகையில் அமர்ந்து உளி பிடித்தால்தான் அது பாடம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை எழுகின்றது. சாமையும் தினையும் விளையும் அம்மலையூர்களில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர், "மண் தரையில் ஆடாத மணை ஒன்று செய்க" என்று பிள்ளைகளிடம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவர்கள் களிமண்ணிலும் மூங்கிற் குச்சியிலும் சிறு மாதிரி செய்து பார்ப்பர். நான்கு கால் வைத்த மாதிரி மேடுபள்ளமான தரையில் ஆடும். ஒரு காலை எடுத்துவிட்டு எஞ்சிய மூன்றையும் சமமாகப் பரப்பி வைத்தால் ஆடாது. ஏனெனில் எம்மூன்று புள்ளிகளின் மேலும் ஒரு தளம் படியும், நான்காவது புள்ளி அதற்கு இணங்க வேண்டுமென்பதில்லை. கால்களின் நுனிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் தோன்றும். அமர்வோரின் பாரம் அதனுள் விழும்வரை மணை நிற்கும். பலகையின் ஓரத்தில் அமர்ந்தால் சாயும். அதனைத் தடுக்கக் கால்களை வெளிப்புறமாகச் சாய்த்து வைப்பதா, பலகையைச் சிறிதாக்குவதா என்பதைப் பிள்ளைகளே இரண்டு விதமாகவும் செய்து பார்த்து முடிவு செய்யட்டும்.